உறியும் பூந்தொட்டியும்

அடுக்களை விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றுத் தாங்கிக்கு உறி என்று பெயர். ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் மிகுந்திருந்த காலத்தில், தமிழகச் சிற்றூர்களில் உறி தொங்காத அடுக்களையைக் காண்பது அரிது. பால், தயிர், வெண்ணெய் ஆகியவற்றைச் சட்டியில் இட்டு உறியில் வைத்தனர். பூனைக்கு எட்டாது, எலிக்கும் ஏறுவது கடினம். எறும்பு வரவேண்டுமானால் சுவரேறி, விட்டத்தில் நடந்து, கயிறு வழியாக இறங்கித்தான் வரவேண்டும். நாற்புறமும் காற்றுப் படுவதால், மூடிய அலமாரியின் புழுக்கமும் அங்கே இல்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த பின்பு உறிக்கு வேலை இல்லாமற்போயிற்று. விட்டமே இல்லாத கான்கிரீட் கூரைகள் வந்தபோது அதனை மாட்டுவதற்கு இடமும் இல்லாமற்போயிற்று.

அந்த உறி இன்று வேறொரு கோலத்தில் திரும்பி வந்திருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனியிலும் சன்னலோரத்திலும், முடிச்சிட்ட கயிற்றுப் பின்னலுக்குள் பூந்தொட்டிகள் தொங்குகின்றன. கடைகளில் இதற்கு மேக்ரமே என்று பெயர். வெண்ணெய்ச் சட்டி இருந்த இடத்தில் மணிபிளாண்ட் இருக்கிறது என்பதைத் தவிர, அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. மேலே ஒரு வளையம், அதிலிருந்து இறங்கும் மூன்று அல்லது நான்கு புரிகள், அடியில் கலத்தைத் தாங்கும் ஒரு வலை அல்லது மணை: இவ்வளவுதான் அன்றும் இன்றும் உறி.

இது மிகப் பழைய பொருள். சங்க இலக்கியங்களுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, சமணத் துறவியர் கரண்டை எனப்படும் நீர்க்கலத்தைப் பல புரிகளாலான சிமிலியில் தொங்கவிட்டிருந்ததைக் குறிப்பிடுகிறது. சிமிலி என்பது உறிக்கு வழங்கிய மற்றொரு பெயர். வீட்டில் விட்டத்திலிருந்து தொங்கிய உறி, வழிநடையில் கையிலும் தோளிலும் தொங்கியது. நீண்ட கழியின் இரு முனைகளிலும் உறி கட்டிச் சுமை தூக்குவது காவடி. தண்ணீர்க் குடமும் தயிர்ப் பானையும் தெருத்தெருவாகச் சென்றது அவ்வாறுதான்.

பல மொழிகளில் ஒரு பொருள்

இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பள்ளிகளில், உறி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அவரவர் வீட்டு மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டுவரச் சொல்லலாம். மறுநாள் கிடைக்கும் விடைகள் சுவையானவை. மலையாளத்தில் இது உறியே. தெலுங்கில் உட்டி, கன்னடத்தில் நெலுவு. இந்தியில் சீங்கா, மராத்தியில் ஷிங்கே, வங்காளத்தில் ஷிகா அல்லது ஷிகே, ஒடியாவில் சிகா. வடமொழியில் இதற்குச் சிக்யம் என்று பெயர். வட இந்தியப் பெயர்கள் அதன் வழிவந்தவை. தாய்மொழியில் விடை கிடைக்காத பிள்ளை பாட்டியைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும். பெற்றோருக்கே தெரியாத சொல்லாக இது பல வீடுகளில் ஆகிவிட்டது.

பொருள் மறைந்த பின்னும் சொல் சில காலம் பழமொழிகளில் தங்கியிருக்கும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்று தமிழில் சொல்வதை, உட்டிக்கு எட்டிக் குதிக்க முடியாதவள் சொர்க்கத்துக்குக் குதித்தாளாம் என்று தெலுங்கர் சொல்வர். எதிர்பாராமல் ஒருவருக்கு நற்பேறு வாய்த்தால், பூனையின் அதிர்ஷ்டத்தால் உறி அறுந்தது என்று இந்தியிலும் வங்காளத்திலும் கூறுவதுண்டு. வங்காளத்தில் இன்னொரு வழக்கும் உண்டு. ஒரு வேலை கைவிடப்பட்டுக் கிடந்தால், அது உறியில் ஏறிவிட்டது என்பர். நாள்முழுதும் விளையாடித் திரியும் பிள்ளையைப் பார்த்து, இவனுடைய படிப்பு உறியில் ஏறிவிட்டது என்று வங்காளத் தாய் கடிந்துகொள்வாள். கிடப்பில் போடுதல் என்னும் தமிழ் வழக்குக்கு இது நெருங்கிய உறவு. உறியைக் கண்ணால் கண்டிராத பிள்ளைக்கும் அந்த வசவு புரிந்துவிடுகிறது.

கண்ணன் வெண்ணெய் திருடிய கதையை நடித்துக் காட்டும் உறியடி, கிருஷ்ண ஜெயந்தியன்று தமிழகத்தில் நடைபெறுகிறது. மகாராட்டிரத்தில் அதுவே தஹி ஹண்டி என்னும் பெயரில், மனிதக் கோபுரம் அமைத்துப் பானையை உடைக்கும் விழாவாக நிகழ்கிறது. உறி இல்லாத நகரங்களிலும் அந்த ஒருநாள் மட்டும் உறி தொங்குகிறது.

வங்காளத்து ஷிகா தனியே சொல்லத்தக்கது. கங்கை, பிரமபுத்திரா ஆற்றுச் சமவெளிகளில் சணல் பெருமளவில் விளைகிறது. அங்குள்ள சிற்றூர்ப் பெண்கள் சணல் நாரைத் திரித்து, பின்னி, முடிச்சிட்டு ஷிகாக்களைச் செய்தனர். ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல பானைகளைத் தாங்கும் அடுக்கு ஷிகாக்களும் உண்டு. 1971-இல் வங்காளதேசம் விடுதலை பெற்ற பின்பு, போரால் வாழ்விழந்த பெண்கள் பலர் கூட்டுறவுக் குழுக்களாக இணைந்து சணல் கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவற்றுள் முதன்மையானது ஷிகா. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக்குள் தொங்கும் செடிகள் வளர்ப்பது பெருவழக்காகியிருந்த காலம் அது. வெண்ணெய்க்கும் பாலுக்கும் பின்னப்பட்ட ஷிகா, பூந்தொட்டி தாங்கியாகக் கடல் கடந்தது. மேக்ரமே என்னும் சொல் அரபு மொழியிலிருந்து துருக்கியம், இத்தாலியம் வழியாக வந்தது என்பர். துணியின் ஓர இழைகளை முடிச்சிட்டு அழகுபடுத்திய நெசவாளரும், நீண்ட பயணங்களில் கயிறு முடிந்து பொழுது போக்கிய மாலுமிகளும் அந்தக் கலையை வளர்த்தனர். ஆகவே, இன்று கடையில் தொங்குவதை முற்றிலும் மேலைநாட்டுப் பொருள் என்று கூறுவதும் பொருந்தாது. முற்றிலும் நம் உறிதான் என்று உரிமை கொண்டாடுவதும் பொருந்தாது. இரண்டு ஆறுகள் கலந்த நீர் அது.

எந்தக் கயிறு?

உறி பின்னுவதற்குச் சணல், பருத்தி, தென்னை நார், நைலான் ஆகிய நான்கு வகைக் கயிறுகள் எளிதில் கிடைக்கும்.

சணல் செடி மழைக்காலப் பயிர். ஏறத்தாழ நான்கு மாதங்களில் ஆள் உயரத்தையும் கடந்து வளரும். அறுத்த தண்டுகளைக் கட்டுக்கட்டாக நீரில் இரண்டு மூன்று வாரங்கள் ஊறவைத்து, பட்டையிலிருந்து நாரை உரித்தெடுப்பர். பொன்னிறமாக மின்னுவதால் அதற்குப் பொன்னிழை என்றும் பெயர். கொல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் 1855-இல் இந்தியாவின் முதல் சணல் ஆலை தொடங்கப்பட்டது. இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். தமிழக உழவர் சணப்பு அல்லது சணப்பை என்று கூறுவது வேறு செடி. அது மஞ்சள் பூப் பூப்பது, பசுந்தாள் உரமாக வயலில் மடக்கி உழப்படுவது. அதிலிருந்தும் நார் எடுத்துக் கயிறு திரிப்பதுண்டு. பெயரில் மட்டுமே இரண்டும் நெருக்கம்.

சணல் கயிறு மலிவானது, முடிச்சு வழுக்காது. ஆனால் ஈரம் அதன் பகை. நனைந்த சணலின் வலிமை குறையும்; நனைந்தபடியே நெடுநாள் கிடந்தால் மட்கத் தொடங்கும். கடும் வெயிலும் அதனைப் பழுப்பாக்கி நைந்துபோகச் செய்யும். எனவே வீட்டுக்குள், வெயில் நேரே படாத இடத்துக்கே சணல் உறி ஏற்றது.

பருத்திக் கயிறு மென்மையானது, கைகளை உறுத்தாது. நனைந்தால் பருத்தியின் வலிமை குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்யும். ஆயினும் தொடர்ந்து ஈரமாக இருந்தால் அதிலும் பூசணம் பிடிக்கும். புதிதாகப் பின்னக் கற்பவர்க்கு 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள, மூன்று புரி முறுக்கிய பருத்திக் கயிறே சிறந்தது. முடிச்சைத் தவறாக இட்டால் அவிழ்த்து மீண்டும் இடலாம். சணலை அவ்வாறு இரண்டு மூன்று முறை அவிழ்த்தால் சிலும்பிவிடும்.

தென்னை நார்க் கயிறு நீரில் எளிதில் மட்காது. கிணற்றிலும் படகிலும் பயன்பட்ட கயிறு அதுவே. ஆனால் நுண்ணிய முடிச்சுக்கு வளையாது. பிள்ளைகளின் விரல்களைக் கீறிவிடும். நைலான் வலியது, மழையிலும் மட்காது. எனினும் வழவழப்பானது, முடிச்சு நழுவும். வெட்டிய முனையைத் தீயில் காட்டி உருக்காவிட்டால் புரி பிரிந்துவிடும். அந்த வேலை பெரியவர்க்கு உரியது.

எடை

கயிற்றை வெட்டுவதற்கு முன் தொட்டியின் எடையைக் கணக்கிட வேண்டும். இந்தப் பகுதியைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். தலைக்கு மேல் தொங்கும் பொருளைச் செய்பவர், அழகுக்கு முன் இதனையே எண்ண வேண்டும்.

வாய் அகலம் 15 சென்டிமீட்டர் உள்ள ஒரு மண்தொட்டி ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மண் கொள்ளும். நன்கு நனைந்த தோட்ட மண் லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். தொட்டியின் எடையையும் செடியையும் சேர்த்தால் மூன்று முதல் நான்கு கிலோ ஆகும். பலர் கடையிலிருந்து வாங்கி வந்த உலர்ந்த தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, இலேசாகத்தானே இருக்கிறது என்று மாட்டிவிடுகின்றனர். நீர் ஊற்றிய பின் அதே தொட்டி அரைக் கிலோவோ அதற்கு மேலோ கூடிவிடும். கயிறு அறுவதும் கொக்கி பிடுங்கிக்கொள்வதும் பெரும்பாலும் நீர் ஊற்றிய வேளையில்தான். செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவையும் மட்கிய உரத்தையும் கலந்துகொண்டால் எடை வெகுவாகக் குறையும். மண்தொட்டிக்குப் பதில் இலேசான நெகிழித் தொட்டியையும் பயன்படுத்தலாம். வீட்டில் எடைக்கருவி இருந்தால், உலர்ந்த தொட்டியையும் நீர் ஊற்றிய தொட்டியையும் நிறுத்து, இரண்டு எண்களையும் பயிற்சி ஏட்டில் குறித்துவைக்க வேண்டும்.

பின்னும் முறை

15 சென்டிமீட்டர் வாயுள்ள தொட்டிக்கு, ஒரு மீட்டர் நீளத்தில் தொங்கும் உறி ஒன்றைப் பின்னுவதற்கு வேண்டியவை: 4 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு 34 மீட்டர், விரற்கடை அளவுக்குக் குறையாத உள்வட்டமுள்ள உறுதியான இரும்பு அல்லது மரவளையம் ஒன்று, அளவு நாடா, கத்தரிக்கோல். கயிற்றை 4 மீட்டர் துண்டுகள் எட்டாகவும் 1 மீட்டர் துண்டுகள் இரண்டாகவும் வெட்டிக்கொள்ள வேண்டும். கயிறு கூடுதலாகத் தோன்றலாம். முடிச்சு கயிற்றை விழுங்கும். பின்னலாக அமையும் பகுதிக்கு ஓர இழை மட்டும் அந்நீளத்தைப்போல் நான்கு மடங்கு செலவாகும்.

எட்டு நீளத் துண்டுகளையும் வளையத்துக்குள் நுழைத்து, நடுப்பகுதி வளையத்தில் படியுமாறு மடித்துத் தொங்கவிட்டால் பதினாறு இழைகள் கிடைக்கும். ஒரு மீட்டர்த் துண்டு ஒன்றினால் அவற்றை வளையத்தின் அடியில் ஒன்றாகச் சுற்றிக் கட்ட வேண்டும். இந்தச் சுற்றுக்கட்டு எளியது. ஆனால் படித்தால் புரியாது, கையால் செய்தால் புரியும். துண்டின் ஒரு முனைப் பகுதியைக் காதுபோல் வளைத்து, வளைவு கீழ்நோக்கி இருக்க, குட்டை முனை மேலே நீட்டிக்கொண்டிருக்க, இழைக்கட்டின்மேல் வைக்க வேண்டும். நீண்ட முனையால் மேலிருந்து கீழாக, காதையும் சேர்த்து ஆறேழு சுற்றுகள் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். மீதியுள்ள முனையைக் கீழே தெரியும் காதுக்குள் நுழைத்து, மேலே நீட்டியிருக்கும் குட்டை முனையை இழுத்தால், காது முனையைப் பற்றிக்கொண்டு சுற்றுகளுக்குள் சென்று மறையும். நடுவரை சென்றதும் நிறுத்திவிட்டு, இரு முனைகளையும் ஒட்ட நறுக்கலாம். முழுவதும் இழுத்துவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும்.

இப்போது பதினாறு இழைகளையும் நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவும் உறியின் ஒரு புரி. சுற்றுக்கட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே சதுர முடிச்சு தொடங்குகிறது.

சதுர முடிச்சுக்கு நடு இழைகள் இரண்டும் அசையாமல் நேராகத் தொங்க வேண்டும். ஓர இழைகள் இரண்டுமே வேலை செய்பவை. இட ஓர இழையை நடு இழைகளின் முன்புறமாக வலப்பக்கம் கொண்டு சென்று, வல ஓர இழையின் அடியில் விட வேண்டும். வல ஓர இழையை நடு இழைகளின் பின்புறமாக இடப்பக்கம் கொண்டு வந்து, அங்கு அமைந்துள்ள வளைவின் வழியே முன்னால் எடுக்க வேண்டும். இரண்டையும் சமமாக இழுத்தால் அரை முடிச்சு ஆயிற்று. மறு அரை இதன் எதிர்ப்பக்கம். இப்போது வலப்பக்கம் உள்ள இழை நடு இழைகளின் முன்புறமாக இடப்பக்கம் சென்று, இட இழையின் அடியில் போகும். இட இழை பின்புறமாக வலப்பக்கம் வந்து வளைவின் வழியே முன்னால் எழும். இரண்டு அரைகளும் சேர்ந்தது ஒரு முழு முடிச்சு.

பக்கம் மாற்றாமல் எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கினால் என்ன ஆகும்? பின்னல் தட்டையாக இராமல், படிக்கட்டுபோல் சுழன்று இறங்கும். அது பிழையன்று, சுருள் பின்னல் என்றே சிலர் விரும்பிச் செய்வர். ஆனால் நடு இழை இல்லாமல் இரண்டு முனைகளை மட்டும் கட்டுகையில் இந்த வேறுபாடு பெரிதாகிவிடும். பள்ளிக் காலணியின் நாடாவில் இதனைக் காணலாம். இரு அரைகளும் எதிரெதிராக அமைந்த முடிச்சில், நாடாவின் இரு காதுகளும் காலணிக்குக் குறுக்காக இடமும் வலமும் படியும். ஒரே பக்கமாக இரு முறையும் முடிந்திருந்தால், காதுகள் விரல்முனைக்கும் கணுக்காலுக்குமாக நீளவாட்டில் திரும்பி நிற்கும். அந்த முடிச்சு விளையாட்டு மைதானத்தில் பாதியில் அவிழும். அடுத்த இடைவேளையில் வகுப்பு முழுவதும் குனிந்து பார்க்கலாம்.

நான்கு புரிகளிலும் பன்னிரண்டு முழு முடிச்சுகள் இட வேண்டும். ஒருவர் இறுக்கமாக இடுவார், மற்றவர் தளர்வாக இடுவார். ஒரே கையும்கூட முதற்புரியில் இடுவதுபோல் நான்காம் புரியில் இடாது. எனவே எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. வளையத்திலிருந்து கடைசி முடிச்சு வரை நாடாவால் அளந்து, நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சதுர முடிச்சு நடு இழைகளின்மேல் மேலும் கீழும் நகரும் இயல்புடையது. எனவே சிறு வேறுபாட்டை விரலால் தள்ளியே சரிசெய்யலாம். இந்த நகர்வு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது: பின்னற்பகுதியில் எடையைப் பெரிதும் தாங்குபவை நேராக இறங்கும் நடு இழைகளே, கண்ணுக்குத் தெரியும் ஓர இழைகள் அவற்றை அணைத்து நிற்கின்றன.

அடுத்தது வலை. கடைசி முடிச்சிலிருந்து 9 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஒரு புரியின் வல இழைகள் இரண்டையும் அடுத்த புரியின் இட இழைகள் இரண்டையும் சேர்த்து ஒரு சதுர முடிச்சு இட வேண்டும். இவ்வாறே சுற்றிவந்தால் நான்கு முடிச்சுகள் ஆகும். நான்காவது முடிச்சு முதற்புரியையும் கடைசிப் புரியையும் இணைத்து வட்டத்தை மூடும். அதற்கும் 8 சென்டிமீட்டர் கீழே பதினாறு இழைகளையும் ஒன்றாகக் கூட்டி, மீதமுள்ள ஒரு மீட்டர்த் துண்டினால் முன்போலவே சுற்றிக் கட்ட வேண்டும். மிஞ்சியவற்றைக் குஞ்சமாக நறுக்கிவிடலாம். தொட்டி குறுகியதாக இருந்தால் வலையில் இரண்டு வரிசை முடிச்சுகள் இடுவது நல்லது. ஒரு வரிசையின் வழியே அது நழுவி விழக்கூடும். கடையில் விற்பவற்றில் மரமணிகளும் சிப்பிகளும் கோத்திருப்பர். அவை எடையைக் கூட்டுமேயன்றித் தாங்குவதில்லை.

உறி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அகன்ற கிண்ணத்தில் விளிம்புவரை நீர் நிரப்பி, உறியில் வைத்துத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். நீர் எப்போதும் மட்டமாகவே நிற்கும். ஆகவே கிண்ணத்தின் எந்த விளிம்பில் நீர் வழிகிறதோ அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. பழைய உறிகள் சிலவற்றில் மூன்று புரிகளே இருந்தமைக்கு இங்கே பொருள் விளங்கும். மூன்று கால் முக்காலி எத்தரையிலும் ஆடாது. நான்கு கால் நாற்காலி ஆடும். அதுபோல மூன்று புரிகளில் ஒன்று சற்று நீண்டாலும் மூன்றுமே எடையை ஏற்கும். நான்கு புரிகளில் ஒன்று நீண்டால், அது தளர்ந்து சும்மா தொங்க, அதன் பங்கையும் மற்றவையே சுமக்கும். நான்கு புரி பின்னுவோர் அளவு நாடாவைக் கைவிடக் கூடாது என்பது இதனாலேயே.

மாட்டும் இடம்

செடியை வைப்பதற்கு முன் உறியைச் சோதிக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உறியைத் தொங்கவிட்டு, பத்துக் கிலோ அரிசிப் பையை அதில் வைத்து ஓர் இரவு விட்டுவிடலாம். முடிச்சு ஏதும் நழுவினால் காலையில் தெரிந்துவிடும். தாங்க வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு எடை என்பது மிகையன்று. நீர் ஊற்றும்போது கை படும், காற்றில் ஆடும், சிறுபிள்ளை இழுத்துப் பார்க்கும். ஆடும் எடை அசையாத எடையைவிடக் கயிற்றை மிகுதியாக இழுக்கும்.

கயிற்றைவிடக் கொக்கியே பெரும்பாலும் ஏமாற்றும். மின்விசிறியின் கொக்கியிலோ, மின்கம்பி செல்லும் குழாயிலோ, திரைச்சீலைக் கம்பியிலோ தொட்டியை மாட்டக் கூடாது. திரைச்சீலைக் கம்பி துணியின் எடைக்காகச் செய்யப்பட்டது. சுவரில் அடித்த ஆணியும் நம்பத்தக்கதன்று. பூச்சோடு பெயர்ந்து வரும். கான்கிரீட் கூரையில் துளையிட்டுத் திருகிய கொக்கி, அல்லது சுவரோடு பதிந்த சன்னல் கம்பி ஆகியவையே தகுந்த இடங்கள். துளையிடும் வேலையைப் பழகிய பெரியவர் ஒருவர் செய்ய வேண்டும்.

கட்டில், படிக்கும் மேசை, நடைவழி ஆகியவற்றுக்கு மேலே தொங்கவிடுதல் ஆகாது. உறி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. மூன்றாம் மாடிப் பால்கனியின் கம்பிக்கு வெளியே தெருவை நோக்கித் தொட்டி தொங்கவிடுவோர் உண்டு. கீழே நடந்து செல்பவருக்கு அந்தச் செடியின் அழகில் எந்தப் பங்கும் இல்லை. ஆபத்தில் முழுப் பங்கும் உண்டு.

வாடகை வீட்டிலும் அரசுக் குடியிருப்பிலும் வாழ்வோர் சுவரைத் துளைக்கத் தயங்குவர். அவர்களுக்குச் சன்னல் கம்பி போதும். பணி மாறுதல் வந்தால் தொட்டியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, உறியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி அளவே ஆகும். செடியின் ஒரு கொடித்துண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் சென்றால், அடுத்த ஊரில் அது மீண்டும் வேர்விடும்.

அதற்கு மணிபிளாண்ட் மிகவும் ஏற்றது. பசிபிக் பெருங்கடலின் மொரேயாத் தீவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் கொடி, குறைந்த வெளிச்சத்திலும் வளரும்; வெறும் நீரிலும் வேர்விடும். ஆயினும் இதன் இலையையும் தண்டையும் மெல்லக் கூடாது. அவற்றிலுள்ள ஊசிபோன்ற நுண்படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரியச் செய்யும். பழைய உறி வெண்ணெயைப் பூனையிடமிருந்து காத்தது. இன்றைய உறி பூனையையும் தவழும் குழந்தையையும் செடியிடமிருந்து காக்கிறது.

தொங்கும் தொட்டியில் எல்லாப் பக்கமும் காற்றுப் படுவதால், தரைத்தொட்டியைவிட மண் விரைவில் உலரும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் செலுத்திப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். துளையின் கீழே, வலைக்குள்ளேயே ஒரு தட்டு இருக்க வேண்டும். இல்லையேல் வழியும் நீர் அடிக்கட்டில் தேங்கிக் குஞ்சம் வழியாகத் தரையில் சொட்டும். அடிக்கட்டே முதலில் மட்கும். அந்தத் தட்டில் நீர் தேங்க விடுவதும் தீது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அவ்வளவு சிறிய நீரிலும் முட்டையிடும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். முடிந்தவர்கள் தொட்டியை உறியிலிருந்து இறக்கி, நீர் ஊற்றி, வடிந்த பின் மீண்டும் வைக்கலாம். கயிறு நெடுநாள் நிலைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தொட்டியை இறக்கி, உறியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: வளையத்தில் கயிறு மடியும் இடமும், தொட்டியின் அடிக்கட்டும். மேலே உராய்வும் கீழே ஈரமும் கயிற்றைத் தின்னும். நடுவில் உள்ள அழகிய பின்னல் புதியதுபோலவே இருக்கும்; அதனைப் பார்த்து ஏமாறக் கூடாது. இழை சிலும்பியிருந்தாலோ, கறுத்திருந்தாலோ, விரலால் நிமிண்டினால் பொடியாக உதிர்ந்தாலோ அந்த உறியின் காலம் முடிந்தது. சாயமேற்றாத சணலையும் பருத்தியையும் துண்டுதுண்டாக நறுக்கித் தொட்டி மண்ணிலேயே கலந்துவிடலாம், மெல்ல மட்கிவிடும். வளையத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, அடுத்த உறிக்குக் கயிறு அளக்கத் தொடங்கலாம்.